78 சதவீதம் என்றால் எத்தனை பேரில்? கிராமத்து மருத்துவமனைத் திட்டத்தின் பலனை அளக்கும் முறை

கேள்வியின் சுருக்கம் இது. ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓராண்டுக்கு முன் பிபி நோயாளிகளைப் பார்க்கும் முறையை மாற்றினார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து வரிசை, 15 நாள் மாத்திரைக்குப் பதில் ஒரு மாத மாத்திரை, தேதிக்கு வராதவர்களுக்குச் செவிலியரின் தொலைபேசி அழைப்பு. இப்போது அறிக்கையில் '78 சதவீத நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று இருக்கிறது. இதை நம்பலாமா, இது அந்த மாற்றத்தால்தான் வந்ததா, எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் கேட்க வேண்டியது, அந்த 78 எத்தனை பேரில் என்பதுதான். கிராமத்து மருத்துவமனைகளின் அறிக்கைகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கணக்குக்காக, அந்த நிலையத்தில் 400 பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று மாதத்தில் 230 பேர் வந்தார்கள். அவர்களில் 180 பேருக்கு பிபி 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுப்பாட்டில், இருந்தது. 180-ஐ 230-ஆல் வகுத்தால் 78 சதவீதம். 400-ஆல் வகுத்தால் 45 சதவீதம். இரண்டுமே சரியான கணக்குகள். ஆனால் திட்டத்தின் பலன் என்று சொல்லத் தகுந்தது இரண்டாவதுதான். தவறாமல் வருகிறவர் தவறாமல் மாத்திரையும் சாப்பிடுகிறவர், அவருக்குக் குறைந்திருப்பதில் வியப்பில்லை. பக்கவாதம் வந்து விழப்போகிறவர் பெரும்பாலும் வராத அந்த 170 பேரில்தான் இருப்பார். அவரை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கிவிட்டால், நோயாளிகள் விட்டுப்போகப் போகத் திட்டம் மேலும் மேலும் சிறப்பாகத் தெரியும். அப்படி ஒரு கணக்கை எந்த மருத்துவமனையும் வைத்திருக்கக் கூடாது.

காசநோய்த் திட்டத்தில் பல்லாண்டுகளாக இருக்கும் வழக்கத்தை இங்கேயும் கையாளலாம். 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் இதே வழியில்தான் கணக்கெடுக்கிறது. ஒரு காலாண்டில் பதிவானவர்களை ஒரு குழுவாகக் கட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பதிவான அத்தனை பேரையும் எடுத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பெட்டியில் விழ வேண்டும்: கடைசி வருகையில் கட்டுப்பாட்டில் இருந்தார், வந்தார் ஆனால் கட்டுப்பாட்டில் இல்லை, வந்தார் ஆனால் பிபி பார்க்கவில்லை, வரவே இல்லை, இறந்துவிட்டார், வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். பெட்டிகளின் கூட்டுத்தொகை பதிவு எண்ணிக்கைக்குச் சமமாக வராவிட்டால் ரிஜிஸ்டரில் ஓட்டை இருக்கிறது. ஒருவரே இரண்டு அட்டை வாங்கியிருப்பதும், பெயரின் எழுத்து மாறி இரண்டு முறை பதிவாகியிருப்பதும் இந்தக் கூட்டலில்தான் அகப்படும். 'வந்தார், பார்க்கவில்லை' என்ற பெட்டியைத் தனியாக வைப்பது முக்கியம். அது பெரிதாக இருந்தால் குறை நோயாளியிடம் இல்லை. கூட்ட நாளில் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

வராதவர்கள் எல்லாரையும் 'கட்டுப்பாட்டில் இல்லை' என்று எண்ணுவதும் முழு உண்மை ஆகாது. சிலர் தனியார் மருத்துவரிடம் போயிருப்பார்கள், சிலர் வேலைக்காகத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய் அங்கே மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வராத 170 பேரின் பதிவு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி 50 பேரை எடுங்கள். வசதியான தெருவில் இருப்பவர்களையோ, போன் எடுப்பவர்களையோ தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கலில் வந்தவர்களைத்தான் தேட வேண்டும். கிராம சுகாதார செவிலியரோ தன்னார்வலரோ வீட்டுக்குப் போய், நிலையத்தில் இருப்பது போன்ற அதே கருவியால் அளக்க வேண்டும். அந்த 50 பேரில் 20 பேருக்குக் கட்டுப்பாட்டில் இருந்தால், அதாவது 40 சதவீதம், 170-இல் சுமார் 68 பேர் என்று கொள்ளலாம். 180-உடன் 68 சேர்ந்து 248. இப்போது 400-இல் 62 சதவீதம். 78-உம் இல்லை, 45-உம் இல்லை. 50 வீடுகளுக்குப் போக இரண்டு பேருக்கு ஒரு வாரம் போதும், அந்த ஒரு வாரம் ஆண்டு முழுவதும் எழுதிய அறிக்கையைவிட அதிகம் சொல்லும். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதும், ஏன் வருவதில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இன்னொரு சரிபார்ப்பு மருந்தாளுநரின் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. 400 பேருக்கு நாளுக்கு ஒரு பிபி மாத்திரை, ஆம்லோடிபின் 5 மி.கி., என்றால் மூன்று மாதத்துக்கு 36,000 மாத்திரை வெளியே போயிருக்க வேண்டும். 21,000-தான் போயிருக்கிறது என்றால் பதிவானவர்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேருக்கான மருந்துதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. 230 பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு இது பொருந்துகிறது. மாறாக, ரிஜிஸ்டர் 350 பேர் வந்ததாகச் சொல்லி மாத்திரை 21,000 மட்டும் போயிருந்தால், வருகைப் பதிவைத் திரும்பப் பார்க்க வேண்டும். சிலருக்கு இரண்டு மாத்திரை, சிலருக்கு வேறு பிபி மருந்தான டெல்மிசார்டான் என்று கலந்திருக்கும் என்பதால் துல்லியமாகப் பொருந்தாது. பெரிய இடைவெளியைக் காட்டவே இது. எந்தெந்த நாட்களில் மருந்து இருப்பு இல்லாமல் போனது என்பதையும் அதே பதிவேட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது, அளந்த விதம். பிபி அளவு மிக எளிதில் கெட்டுப்போகும் எண். நோயாளி 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால் மேல் கால் போடாமல், கை இதயத்தின் மட்டத்தில், கையில் சுற்றும் பட்டை துணி மேல் இல்லாமல் வெறும் கையில். முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்க வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத பிபி இருப்பதாகக் காட்டும். இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில் அளந்து சராசரியை எழுத வேண்டும். பேருந்தில் இறங்கி நடந்து வந்து வரிசையில் நின்றபடியே அளந்தது ஓராண்டுக்கு முன்பும், திட்டம் வந்தபின் நாற்காலி போட்டு ஓய்வெடுக்க வைத்து அளந்தது இப்போதும் என்றால், ஒரு மாத்திரைகூட மாறாமலே எண்கள் குறைந்திருக்கும். அந்த நாற்காலி நல்ல காரியம்தான், ஆனால் அதனால் வந்த குறைவை மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஆகவே அளக்கும் முறையைத் திட்டம் தொடங்கும் முன்பே திருத்திவிட்டு, திருத்திய முறையிலேயே முதல் அளவை எடுக்க வேண்டும்.

எழுதப்பட்ட எண்கள் உண்மையில் அளந்தவைதானா என்று பார்க்க, கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் சுமார் 10 சதவீதம் வர வேண்டும். 200 பதிவுகளை எடுத்துப் பார்த்து அவற்றில் பாதி 0-இல் முடிந்தால், கண்ணால் பார்த்து முழு எண்ணாக்கி எழுதுகிறார்கள், அல்லது கருவியைப் பயன்படுத்தவே இல்லை. 130/80 பக்கம் முழுக்க வரிசையாக நிற்பது இதற்கு அடையாளம். அதைவிடக் கவனிக்க வேண்டியது மேல் எண்ணில் 140-ஐச் சுற்றிய இடம். 136, 138 எல்லாம் குவிந்து கிடந்து 140 முதல் 144 வரை வெறிச்சோடி இருந்தால், இலக்கை எட்டியதாகக் காட்ட எண்கள் தள்ளி எழுதப்பட்டிருக்கின்றன. இதற்குச் செவிலியரைத் திட்டுவது வீண். இலக்குக் குறைந்தால் விளக்கம் கேட்கும் கூட்டங்கள்தான் அந்த எண்களை உருவாக்குகின்றன. மதிப்பீட்டு அளவை அந்த நிலையத்தைச் சேராத ஒருவர் எடுப்பதே மருந்து.

இனி பலர் அறியாமல் விழும் குழி. பிபி நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒருவரை 140/90-க்கு மேல் இருந்த நாளில்தான் பதிவு செய்கிறோம். அதாவது அவருடைய உயர்ந்த நாட்களில் ஒன்றைப் பிடித்திருக்கிறோம். அடுத்த முறை அளக்கும்போது, எதுவும் செய்யாவிட்டாலும், கூட்டமாகப் பார்த்தால் சில புள்ளிகள் இறங்கியே இருக்கும். வெள்ளை அங்கியைக் கண்டு முதல் நாள் வந்த பதற்றமும் பழகப் பழகக் குறையும். 'பதிவின்போது சராசரி 158, ஆறு மாதம் கழித்து 144' என்ற வாக்கியத்தில் இந்தத் தானான இறக்கமும் கலந்திருக்கிறது. முதல் நாள் அளவைத் தொடக்க அளவாக எடுக்காமல், ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து அதை எடுத்தால் இதன் பெரும்பகுதி போய்விடும். சர்க்கரைக்கும் இதே கதைதான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தசோகைக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் இடத்தில், ரத்தசோகை சரியானதால் இறங்கிய எண்ணைச் சர்க்கரை இறங்கியதாக எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், 'முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு' என்பது திட்டத்தின் பலனைக் காட்டாது. திட்டம் இல்லாமலிருந்தால் இப்போது எவ்வளவு இருந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும், அதை நேரில் பார்க்க முடியாது. கோடையில் ரத்த அழுத்தம் சற்று இறங்கும், குளிர்மாதங்களில் ஏறும். டிசம்பரில் தொடங்கி மே மாதத்தில் அளந்தால் வெயில் கொடுத்த பலனும் உங்கள் கணக்கில் சேரும். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. உங்கள் மாற்றமும் அதுவும் ஒரே ஊரில் நடக்கும்போது எது எவ்வளவு செய்தது என்று பிரித்துப் பார்க்க, பக்கத்து வட்டாரம் தேவை.

பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிடும் கணக்கு எளியது. உங்கள் வட்டாரத்தில் பதிவானவர்களில் கட்டுப்பாடு 32-இலிருந்து 45 ஆனது, 13 புள்ளி உயர்வு. புதிய முறை இன்னும் வராத பக்கத்து வட்டாரத்தில் 30-இலிருந்து 38, அதாவது 8 புள்ளி. இரண்டுக்கும் பொதுவாக வந்ததைக் கழித்தால் உங்கள் மாற்றத்துக்கு 5 புள்ளி மிஞ்சுகிறது. இது செல்ல ஒரு நிபந்தனை இருக்கிறது: திட்டத்துக்கு முந்தைய ஓராண்டு இரண்டு வட்டாரமும் ஒரே சாய்வில் போய்க்கொண்டிருக்க வேண்டும். உங்களுடையது ஏற்கெனவே வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் அந்த 5 பழைய வேகத்தின் தொடர்ச்சிதான். நல்ல பெயர் கேட்டு அங்கிருந்து இங்கே நோயாளிகள் வரத் தொடங்கினாலும் கணக்கு கெடும். எனவே ஓபி சீட்டில் ஊர்ப் பெயரைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பிட வட்டாரமே கிடைக்கவில்லையென்றால் மாத வாரியான எண்களை வரைபடமாக இடலாம். முன்னே 12 மாதம், பின்னே 12 மாதமாவது வேண்டும். முந்தைய 12 புள்ளிகளின் போக்கை நீட்டி ஒரு கோடு வரைந்து, பின்னவை அதற்கு மேலே எவ்வளவு நிற்கின்றன என்று பாருங்கள். மருந்து இருப்பு இல்லாத மாதம், மருத்துவர் மாற்றலாகிப் போன மாதம் இவற்றை அதே படத்தில் குறியுங்கள். 2020, 2021-இன் கொரோனா மாதங்களை 'முன்பு' என்று எடுத்துக்கொண்டால் எந்தத் திட்டமும் வெற்றியாகத் தெரியும், அவற்றைத் தொடக்கமாக வைக்கவே கூடாது.

திட்டம் இன்னும் மற்ற நிலையங்களுக்குப் போகவில்லையென்றால் ஒரு அருமையான வாய்ப்பு கையில் இருக்கிறது. 8 நிலையங்கள் என்றால் காலாண்டுக்கு இரண்டாக, எது முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். எல்லாருக்கும் கடைசியில் திட்டம் கிடைக்கும், யாரையும் ஒதுக்கியதாகாது, காத்திருக்கும் நிலையங்கள் ஒப்பீடாக அமையும். வழக்கமாக ஆர்வமுள்ள மருத்துவரும் ஆள் குறைவில்லாத நிலையமும்தான் முதலில் முன்வரும். அங்கே நன்றாக வந்ததை மற்ற இடங்களிலும் வரும் என்று நம்பி ஏமாறுவது அதனால்தான்.

எத்தனை பேரை அளக்க வேண்டும் என்பதில் ஒரு எச்சரிக்கை. 40 சதவீதம் 50 ஆனதை உறுதியாகக் காண, ஒப்பிடும் இரண்டு குழுக்களில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 390 பேர் என்று பாடநூல் கணக்கு சொல்லும். அது தனித்தனி ஆட்களுக்கான கணக்கு. ஒரே நிலையத்துக்கு வருகிறவர்கள் ஒரே மருத்துவர், ஒரே மருந்து இருப்பு, ஒரே பேருந்து வசதி என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். நிலையத்துக்கு 50 பேர், அவர்களுக்கிடையே ஒப்புமை (0 என்றால் ஒப்பே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒன்றுபோல்) 0.05 என்றால், 1 + 49 × 0.05 = 3.45 மடங்கு ஆட்கள் தேவை. மாற்றிச் சொன்னால், அப்படிச் சேர்த்த 1,000 பேர் 290 பேருக்குத்தான் சமம். ஒரே நிலையத்தில் 200 பேரை அளப்பதைவிட 10 நிலையங்களில் 20 பேராக அளப்பது மேல்.

மரணம் குறைந்ததா என்று ஏன் நேரடியாகப் பார்க்கக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். ஒரு சிறு நிலையத்தால் அதைப் பார்க்க முடியாது. பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்புகளைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2018–20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 54 பேறுகால மரணங்கள். ஆண்டுக்கு 300 பிரசவம் பார்க்கும் நிலையத்தில் அந்த விகிதத்தில் ஆறு ஆண்டுக்கு ஒரு மரணம்தான் வரும். 'இரண்டு ஆண்டாக மரணமே இல்லை' என்பது மகிழ்ச்சியான செய்தி, ஆனால் அது சான்று ஆகாது. நெருக்கடியான நிலைக்குப் போய் மீண்டவர்கள், ரத்தம் ஏற்றியவர்கள், மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்கள் ஆகியோரைத்தான் எண்ண வேண்டும்.

செயல்முறை சரியானால் பலனும் தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களில் 120 நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயிற்சியாளர்களின் துணையோடு பயன்படுத்தி ஆய்வு செய்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. தொடங்கி இரண்டு மாதத்தில், செய்ய வேண்டிய வேலைகளில் 73 சதவீதம் செய்யப்பட்டன, பட்டியல் இல்லாத நிலையங்களில் 42 சதவீதம். பன்னிரண்டாம் மாதத்தில் அது 62-க்கும் 44-க்கும் வந்துவிட்டது. ஏழு நாளுக்குள் தாய்க்கோ சிசுவுக்கோ மரணம் அல்லது தாய்க்குக் கடுமையான பாதிப்பு என்ற கணக்கில் பட்டியல் இருந்த இடங்களில் 15.1, இல்லாத இடங்களில் 15.3 சதவீதம். வேறுபாடே இல்லை. கை கழுவுவது போன்ற வேலைகளை மட்டும் எண்ணியிருந்தால் இதைப் பெரும் வெற்றி என்று நாடு முழுக்கப் பரப்பியிருப்பார்கள். மருத்துவமனை ரிஜிஸ்டரை நம்பாமல் வீடு திரும்பிய தாய்மார்களைத் தொலைபேசியிலும் நேரிலும் தேடிக் கேட்டதால்தான் உண்மை தெரிந்தது.

இதற்கு நேர்மாறான தோற்றமும் வரும். நன்றாக அளக்கத் தொடங்கினால் நோய் பெருகியது போல் தெரியும். பிரசவ ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டவர்கள் அளவுக்கோடு போட்ட பையால் அளக்கத் தொடங்கியதும் 'ரத்தப்போக்கு' எண்ணிக்கை ஏறும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் இதை அழகாகச் சமாளித்தார்கள். பழைய முறை தொடர்ந்த மருத்துவமனைகளிலும் பை கொடுத்தார்கள், ஆனால் கோடு போடாத பை. ரத்தத்தை இரு பக்கமும் எடை போட்டார்கள். அளக்கும் விதம் ஒன்றாகிவிட்டதால் கடுமையான பாதிப்பு பழைய முறையில் 4.3, கோடு போட்ட பையோடு வந்த புதிய முறையில் 1.6 சதவீதம் என்று கிடைத்த வேறுபாட்டை நம்ப முடிந்தது. பிபி திட்டத்திலும் அப்படியே: முகாம் போட்டுத் தேடினால் பதிவுகள் கூடும், லேசான நோயாளிகள் நிறையச் சேர்வார்கள், சதவீதம் தானே உயரும். தொடக்க அளவு 160-க்கு மேல் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

பிரித்துப் பார்க்க வேண்டியது அது ஒன்று மட்டும் இல்லை. ஆண், பெண், வயது, நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தக் குக்கிராமம் என்றும் பாருங்கள். காலை 9 முதல் 12 வரை மட்டும் நடக்கும் பிரிவில் கூலி வேலைக்குப் போகும் 30 முதல் 50 வயது ஆண்கள் வரமாட்டார்கள். சராசரி எண் அவர்களை மறைத்துவிடும். தமிழ்நாட்டில் மாநில அளவில் மக்களிடையே வீடுவீடாக எடுத்த ஆய்வுகள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் இருப்போர் 2020-இல் 7.3 சதவீதம், அடுத்த சுற்றில் 17 சதவீதம் என்று காட்டின. முன்னேற்றம்தான். ஆனால் நிலையத்தின் 78-க்கும் ஊரின் 17-க்கும் இடையே நிற்பவர்கள் யார்? வராதவர்களும், இன்னும் பிபி பார்க்கப்படாதவர்களும்தான்.

தீங்கையும் எண்ணுங்கள். ஆம்லோடிபினால் கால் வீக்கம், முதியவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுதல், சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்ததால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் ஆகியவற்றுக்கு ஒரு பத்தி ரிஜிஸ்டரிலேயே வேண்டும். செவிலியர் வாரத்தில் ஒரு நாள் போன் அழைப்புக்கே போனால், அந்த நாளில் தடுப்பூசியோ கர்ப்பிணிப் பரிசோதனையோ குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது 'ஒரு நோயாளிக்கு' என்று போடாமல் 'கூடுதலாகக் கட்டுப்பாட்டுக்கு வந்த ஒருவருக்கு' என்று போடுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு, ஒப்பீட்டில் கழித்தபின் மிஞ்சிய பலன் 60 பேர் என்றால், ஒருவருக்கு 10,000 ரூபாய். நோயாளியின் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் தனி வரி. மாதம் இரண்டு முறை வந்தவர் ஒரு முறை வந்தால் போதும் என்றாகிவிட்டால், பிபி இறங்காவிட்டாலும் அது ஒரு பலன்தான், அதையும் எழுத வேண்டும்.

ஆய்வாக வெளியிட எண்ணம் இருந்தால் தரவு எடுக்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குங்கள், பின்னால் கேட்டால் கிடைக்காது. எந்த அளவை முதன்மை முடிவாக எடுத்துக்கொள்வீர்கள், எந்த மாதத்தில் அளப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தேதியோடு கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து எண்களில் நன்றாக வந்த ஒன்றைப் பிறகு தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். இப்போது கையில் இருக்கும் அந்த 78-க்கு உடனே செய்யக்கூடியது ஒன்று: அதே அறிக்கையில், அதே வரியில், பதிவானவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்ற இரு எண்களையும் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.